வீட்டு பீருக்கு ஒரு கணக்கப்பிள்ளை

பீர் என்ற சொல்லைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! குடிக்கக் கற்றுக்கொடுக்கவோ காய்ச்சக் கற்றுக்கொடுக்கவோ நான் பேனாவை எடுக்கவில்லை. கடையில் வாங்கும் எந்த பாட்டிலிலும் ஒரு லேபிள் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு வலு என்று அது சொல்லிவிடும். வீட்டிலேயே செய்கிற பொருளுக்கு அந்த லேபிளை எழுதுவது யார்? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

நான் இருப்பது அமெரிக்காவில், கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில். இங்கே வீட்டில் பீர் காய்ச்சுவது நம் ஊரில் வடாம் பிழிவது, ஊறுகாய் போடுவது மாதிரி ஒரு பொழுதுபோக்கு. முன்பு இதற்கும் தடை இருந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் அதை நீக்கியது. பெரியவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 காலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 காலன் வரை சொந்த உபயோகத்துக்குச் செய்யலாம், விற்கக் கூடாது. அதே ஆண்டில் எங்களுக்குப் பக்கத்து ஊரான போல்டரில்தான் வீட்டில் காய்ச்சுவோருக்கென்று அமெரிக்கச் சங்கமும் தொடங்கப்பட்டது. ஆகவே எங்கள் தெருவில் கார் ஷெட்டில் பெரிய பானையை வைத்துக் கிளறுகிறவர்களைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை.

நம் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் காய்ச்சக் கூடாது. இதைப் படித்துவிட்டு அங்கே யாரும் அடுப்பை மூட்ட வேண்டாம்! ஆனால் மகனோ, மருமகனோ, தம்பியோ வெளிநாட்டில் இதைச் செய்துகொண்டிருக்கும் வீடுகள் இப்போது நிறைய இருக்கின்றன. அந்த வீட்டுப் பெண்களுக்கு இது உபயோகப்படும்.

டாக்டர் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் காய்ச்சுவது என் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட பழக்கம். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு பானை. வெள்ளி, சனி இரவுகளில் இரண்டிரண்டு பாட்டில். நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று டாக்டரிடம் போனபோதுதான் விஷயம் வேறு மாதிரி ஆயிற்று.

"வாரத்துக்கு எத்தனை?" என்று கேட்டார் டாக்டர். அதற்கு இவர் உடனே பதில் சொல்லிவிட்டார். "எவ்வளவு வலு?" என்று அடுத்த கேள்வி. "சாதாரண பீர்தான் டாக்டர், வீட்டில் செய்தது" என்றார் இவர். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சாதாரணம் என்றால் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை.

இங்கே ஒரு 'டிரிங்க்' என்பதற்குத் திட்டமான அளவு உண்டு. சுத்தமான ஆல்கஹால் 14 கிராம். 5 சதவீத பீர் என்றால் 355 மில்லி பாட்டில் ஒன்றில் சரியாக அவ்வளவு இருக்கும். ஆனால் வலு ஏறினால் பாட்டில் அதேதான், டிரிங்க் அதே அல்ல. ஒன்று ஒன்றரையாகிவிடும். 2020-ல் வெளியான அமெரிக்க உணவு வழிகாட்டி, குடிக்கிற ஆண்கள் ஒரு நாளைக்கு இரண்டு டிரிங்குக்கு மேல் போகக் கூடாது, பெண்கள் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்றது. 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் ஒரு படி மேலே போய், உடலுக்குத் தீங்கில்லாத அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்றது. எப்படிப் பார்த்தாலும் எண்ணிக்கை தெரியாமல் எதையும் குறைக்க முடியாது அல்லவா?

வீட்டுக்கு வந்ததும், "ஏம்மா, அதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இருக்கிறதாம். நீதான் கணக்கில் புலியாச்சே, பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடு" என்று வேலையை என் தலையில் கட்டிவிட்டார். நானும் இரண்டு வாரம் உட்கார்ந்து நான்கு மென்பொருள்களைப் புரட்டிப் பார்த்தேன்.

நாக்குக்குத் தெரியாத கணக்கு

"இட்லி மாவுக்கு என்ன சாஃப்ட்வேரா வைத்திருக்கிறோம்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உளுந்து குறைந்தால் இட்லி கல்லாகி நமக்குச் சொல்லிவிடும். புளிப்பு ஏறினால் மூக்கே சொல்லிவிடும். பீரில் அப்படி இல்லை. 5 சதவீதத்துக்கும் 7 சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ருசியை வைத்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. மால்ட்டின் இனிப்பும் ஹாப்ஸின் கசப்பும் சேர்ந்து அதை மறைத்துவிடும். கை அளவும் நாக்கும் நம்மைக் கைவிடுகிற இடம் இது. அதனால்தான் கணக்கு தேவைப்படுகிறது.

கணக்கு என்னவென்று புரிய, செய்முறையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். முளைகட்டி உலர்த்திய பார்லியை வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகி நீரில் இறங்கும். அந்த இனிப்புக் கஷாயத்தை வடிகட்டி, கசப்புக்கு ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்து மூடிவைத்தால், ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமிலவாயுவும் ஆக்குகிறது.

பால்காரரிடம் பால்மானி வைத்துப் பார்த்த காலம் நினைவிருக்கிறதா? அதே ஜாதிக் கருவிதான் ஹைட்ரோமீட்டர். தண்ணீரில் போட்டால் 1.000 காட்டும். சர்க்கரை கரைந்த கஷாயத்தில் 1.050 என்பதுபோல மேலே காட்டும். ஈஸ்ட் தின்று முடித்த பிறகு 1.012 என்று இறங்கிவிடும். முதல் எண்ணிலிருந்து கடைசி எண்ணைக் கழித்து 131.25-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சதவீதம் கிடைத்துவிடும். 0.038-ஐப் பெருக்கினால் ஏறக்குறைய 5.

இந்தக் கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். அப்புறம் மென்பொருள் எதற்கு? காய்ச்சுவதற்கு முன்னாலேயே எவ்வளவு வரும் என்று சொல்வதற்கும், காய்ச்சிய பிறகு எவ்வளவு வந்தது என்று பதிந்துவைப்பதற்கும், பாட்டிலில் அடைக்கும்போது ஆபத்து வராமல் பார்த்துக்கொள்வதற்கும்தான். ஒரு நல்ல கணக்கப்பிள்ளை செய்யவேண்டிய மூன்று வேலைகள் இவை. விளம்பரங்களில் வருகிற வண்ண வண்ணப் படங்களையும், ஆயிரக்கணக்கான குறிப்புகள் உள்ளே இருக்கின்றன என்ற பெருமையையும் தள்ளிவையுங்கள். கீழே உள்ள ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. நம் வீட்டுப் பானையைப் பற்றி விசாரிக்கிறதா?

இதுதான் முதல் கேள்வி, முக்கியமான கேள்வியும்கூட. ஒரே மால்ட், ஒரே அளவு தண்ணீர் என்றாலும் ஒவ்வொரு வீட்டிலும் இறங்கும் சர்க்கரை ஒன்றல்ல. மால்ட் அரைபட்ட விதம், ஊறிய சூடு, வடிகட்டும் நிதானம் எல்லாம் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. இதற்கு 'எஃபிஷியன்ஸி' என்று பெயர். மால்ட்டில் இருக்கும் சர்க்கரையில் நூற்றுக்கு எத்தனை பங்கு நம் கைக்கு வந்தது என்பதுதான் அது.

ஒரு உதாரணம் பாருங்கள். 4.5 கிலோ வெளிர் மால்ட்டில் 19 லிட்டர் செய்வதாக வைத்துக்கொள்வோம். 60 பங்கு இறங்கினால் ஹைட்ரோமீட்டர் 1.043 காட்டும், பீர் சுமார் 4.2 சதவீதம். அதே மால்ட்டில் 80 பங்கு இறங்கினால் 1.057, பீர் சுமார் 5.6 சதவீதம். குறிப்பில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, வலுவில் எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

எல்லா மென்பொருள்களும் ஆரம்பத்தில் 70, 75 என்று தாங்களாகவே ஓர் எண்ணைப் போட்டுவைத்திருக்கும். அது யாரோ ஒருவர் வீட்டு எண். நம் எண்ணை அங்கே எழுத முடிகிறதா, ஒரு மணி நேரம் கொதித்தால் எத்தனை லிட்டர் ஆவியாகிறது, பானை அடியில் கசடோடு எவ்வளவு தங்குகிறது என்றெல்லாம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காத மென்பொருள் பக்கத்து வீட்டு பீருக்குத்தான் கணக்கு எழுதும்.

கூடவே இரண்டு சின்ன விஷயங்கள். அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர், இங்கிலாந்துக் காலன் 4.546 லிட்டர். லண்டனில் இருக்கும் தங்கை அனுப்பிய குறிப்பை டென்வரில் அப்படியே போட்டால் கணக்கு கவிழ்ந்துவிடும். லிட்டர், கிராமிலேயே எழுத வசதி இருந்தால் நிம்மதி. அடுத்தது, ஊரின் உயரம். டென்வர் கடல்மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம். இங்கே தண்ணீர் ஏறக்குறைய 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு வேகத் தாமதமாவது போலவே ஹாப்ஸின் கசப்பு இறங்குவதும் இங்கே தாமதம்தான். மலையூரில் இருக்கிறவர்கள் உயரத்தைக் கேட்கும் மென்பொருளாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்.

2. உத்தேசம் எது, அளந்தது எது என்று பிரித்துச் சொல்கிறதா?

குறிப்பை எழுதி முடித்தவுடன் திரையில் 'ஆல்கஹால் 5.4' என்று பளிச்சென்று ஓர் எண் வந்து நிற்கும். அது உத்தேசம்தான். இந்த ஈஸ்ட் சர்க்கரையில் சுமார் முக்கால் பங்கைத் தின்னும் என்ற அனுமானத்தில் போட்டது. ஈஸ்ட் நம் அனுமானத்துக்குக் கட்டுப்பட்டதா என்ன? சூடு கூடினால், குறைந்தால், ஈஸ்ட் பழசாக இருந்தால், முடிவும் மாறும்.

ஆகவே உத்தேச எண்ணுக்கு ஒரு கட்டம், ஹைட்ரோமீட்டரில் அளந்து எழுதுவதற்கு இன்னொரு கட்டம், அளந்த எண்ணிலிருந்து வரும் சதவீதத்துக்குத் தனிக் கட்டம் என்று இருக்க வேண்டும். பாட்டிலில் எழுத வேண்டியது மூன்றாவது கட்டத்தில் உள்ளதைத்தான். சில மென்பொருள்களில் குறிப்பு வேறு பக்கம், அதை வைத்து ஒவ்வொரு தடவை காய்ச்சியதும் வேறு பக்கம் என்று அழகாகப் பிரித்திருக்கிறார்கள். அம்மாவின் சாம்பார்க் குறிப்பு ஒன்று. தீபாவளிக்கு வைத்த சாம்பார் வேறு, பொங்கலுக்கு வைத்த சாம்பார் வேறு அல்லவா? அந்த மாதிரி.

3. ரிஃப்ராக்டோமீட்டருக்குத் திருத்தம் போடுகிறதா?

நிறையப் பேர் இப்போது ஹைட்ரோமீட்டருக்குப் பதிலாக ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கையடக்கக் குழலை வாங்கிவிடுகிறார்கள். இரண்டே சொட்டு கஷாயம் போதும். கண்ணில் வைத்துப் பார்த்தால் சர்க்கரை அளவு தெரிந்துவிடும். கொதிக்கும் நாளன்று ரொம்ப சௌகரியம். ஆனால் ஈஸ்ட் வேலை செய்த பிறகு அது காட்டும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. உள்ளே உண்டான ஆல்கஹால் ஒளியை வளைப்பதால், மிச்சமுள்ள சர்க்கரை நிஜத்தைவிட அதிகம்போலத் தெரியும்.

எண்ணிலேயே பார்த்துவிடுவோம். ஆரம்பத்தில் 12.4, முடிவில் 6.5 என்று குழல் காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திருத்தம் போடாமல் கணக்கிட்டால் பீர் 3 சதவீதத்தை ஒட்டி வரும். திருத்தம் போட்டால் முடிவு 1.013 என்று ஆகி, பீர் 5 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்! லேசானது என்று நினைத்து இன்னொரு பாட்டிலை எடுக்கிறவருக்கு இது சாதாரண வித்தியாசமா? இந்தத் திருத்தக் கணக்கு உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஹைட்ரோமீட்டருக்கும் ஒரு திருத்தம் உண்டு. சில கருவிகள் 15.6 டிகிரிக்கும், சில 20 டிகிரிக்கும் அளவிட்டுச் செய்யப்பட்டவை. சூடான கஷாயத்தில் போட்டால் எண் குறைத்துக் காட்டும்.

4. பாட்டில் சர்க்கரையை ஜாக்கிரதையாகக் கணக்கிடுகிறதா?

பீரில் நுரை வரவேண்டும் என்பதற்காக, பாட்டிலில் அடைக்கும் சமயம் கொஞ்சம் சர்க்கரை சேர்ப்பார்கள். மிச்சமிருக்கும் ஈஸ்ட் அதைத் தின்று மூடிய பாட்டிலுக்குள் வாயுவை உண்டாக்கும். அளவு தப்பினால் பாட்டில் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு சிதறுகிற விஷயம் இது. குழந்தைகள் நடமாடும் வீட்டில் விளையாட்டல்ல.

பீரின் கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு வாயு என்பதை 'வால்யூம்' என்கிறார்கள். சாதாரண பீர் பாட்டிலுக்கு 3 வால்யூம் வரைதான் பத்திரம். 20 டிகிரி சூட்டில் இருக்கும் பீரில் ஏற்கெனவே முக்கால் வால்யூமுக்கு மேல் கரைந்திருக்கும். 19 லிட்டரை 2.4 வால்யூமுக்குக் கொண்டுவர ஏறக்குறைய 110 கிராம் சாதாரணச் சர்க்கரை போதும். நல்ல மென்பொருள் மூன்று கேள்வி கேட்கும்: அடைக்கப்போவது உண்மையில் எத்தனை லிட்டர், பீர் என்ன சூட்டில் இருந்தது, எந்தச் சர்க்கரை? இதில் ஒன்றைக் கேட்காவிட்டாலும் அந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

எந்த மென்பொருளாலும் பார்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. ஈஸ்ட் வேலையை முடித்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. ஹைட்ரோமீட்டரில் இன்னும் நான்கு புள்ளி இறங்க வேண்டியிருக்கும்போதே, அதாவது 1.016-லேயே, அவசரப்பட்டு அடைத்துவிட்டால், அந்த நான்கு புள்ளியே இரண்டு வால்யூம் வாயுவைக் கூடுதலாகக் கொண்டுவந்துவிடும். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு தடவை அளந்து, எண் அசையாமல் நின்றால்தான் அடைக்க வேண்டும். அந்தத் தேதிகளையும் எண்களையும் எழுத இடம் இருக்கிற மென்பொருள் நமக்குத் துணை.

5. எழுதிவைத்த குறிப்பு யாருடையது?

பாட்டி எழுதிய சமையல் நோட்டுப் புத்தகம் எண்ணெய்க் கறையோடு நம்மிடமே இருக்கிறது. கம்ப்யூட்டரில் எழுதியது யாரிடம் இருக்கிறது? பழைய காலத்தில் புரோமாஷ் என்று ஒரு மென்பொருள் கொடிகட்டிப் பறந்தது. பிற்பாடு அதைப் புதுப்பிப்பதே நின்றுபோயிற்று. ப்ரூடோட் என்ற சேவை 2018 முடிவில் மூடப்பட்டது. எந்தக் கடைக்கும் ஒருநாள் ஷட்டர் இறங்கலாம், அதில் தப்பில்லை. நம் குறிப்புகளை நாம் வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதற்கென்றே 'பீர் எக்ஸ்.எம்.எல்.' என்ற பொதுவான எழுத்துமுறை இருக்கிறது. ஒரு மென்பொருளில் எழுதியதை இந்த வடிவில் சேமித்தால் இன்னொன்றில் திறந்துகொள்ளலாம். சோதனைக் காலத்திலேயே ஒரு குறிப்பை வெளியே எடுத்து வேறொன்றில் திறந்து பாருங்கள். திறந்தால் சரி.

கசப்பின் அளவு, நிறத்தின் அளவு எல்லாம்கூட இவை சொல்லும். அவற்றைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். கசப்புக்கு டின்செத் முறை, ரேகர் முறை என்று வெவ்வேறு சூத்திரங்கள் இருப்பதால், ஒரே குறிப்புக்கு இரண்டு எண் வரும். எப்போதும் ஒரே முறையை வைத்துக்கொண்டால் போதும்.

நான் பார்த்த நான்கு

பீர்ஸ்மித் 2003 முதல் இருந்துவருகிறது. கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்வது. பானை, ஆவி, கசடு என்று எல்லாவற்றையும் துருவித் துருவிக் கேட்கும். கட்டங்கள் அதிகம், பழகுகிறவரை மலைப்பாக இருக்கும். பொறுமையாக உட்காருகிறவர்களுக்கு ஏற்றது. காசு கொடுத்து வாங்குவதற்கு முன் சில நாள் இலவசமாகப் பார்க்கலாம்.

ப்ரூஃபாதர் கைபேசியிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றுபோல வேலை செய்கிறது. குறிப்பு வேறு, காய்ச்சிய தடவை வேறு என்று பிரித்திருப்பது இதன் பலம். கொஞ்சம் குறிப்புகள்வரை இலவசம்; அதற்கு மேல் ஆண்டுச் சந்தா.

ப்ரூவர்ஸ் ஃப்ரெண்டில் ஆல்கஹால், பாட்டில் சர்க்கரை, ரிஃப்ராக்டோமீட்டர் திருத்தம் என்று ஒவ்வொரு கணக்கும் தனித்தனியாகக் கிடைக்கும். முழுதாக எதிலும் மாட்டிக்கொள்ளாமல், வேண்டிய கணக்கை மட்டும் போட்டுப் பார்க்கிறவர்களுக்கு இது போதும்.

ப்ரூடார்கெட் முழுக்க இலவசம். யாருடைய சந்தாவும் வேண்டாம், குறிப்புகள் நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். பார்வைக்குக் கொஞ்சம் எளிமைதான். ஆனால் பீர் எக்ஸ்.எம்.எல். உண்டு, தேவையான கணக்குகளும் உண்டு.

ஒரே குறிப்பை நான்கிலும் எழுதிப் பார்த்தேன். நம் வீட்டு எண்களைச் சரியாகக் கொடுத்துவிட்டால் வலுவின் கணக்கில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆகவே எது கெட்டிக்காரக் கணக்கப்பிள்ளை என்பதைவிட, எதில் நம் வீட்டு மனிதர் சோம்பல்படாமல் எண்ணை எழுதுவார் என்பதுதான் கேள்வி. ஈரக் கையோடு ஷெட்டில் நிற்கிறவருக்கு மாடியிலிருக்கும் கம்ப்யூட்டர் உதவாது. எங்கள் வீட்டுக்குக் கைபேசியில் எழுதுகிற ப்ரூஃபாதர் ஒத்துவந்தது. மாதம் ஒரு தடவை குறிப்புகளை வெளியே எடுத்துச் சேமிப்பது என் வேலை.

லேபிள் சொன்ன செய்தி

இவருடைய பழைய நோட்டைப் பிரித்து, அவருக்கு ரொம்பப் பிடித்த பழுப்பு பீரின் எண்களை முதலில் ஏற்றினோம். ஆரம்பம் 1.071, முடிவு 1.015 என்று அவர் கைப்படவே எழுதியிருந்தார். எண்கள் இருந்தன, கணக்குதான் இல்லை. புத்தகத்தில் போட்டிருந்தது 6.2 சதவீதம். திரையில் வந்தது 7.3.

ஏன் இப்படி என்று தேடியதில் காரணமும் கிடைத்தது. எங்கள் அடுப்பு வேகத்துக்கும் இந்த ஊரின் வறண்ட காற்றுக்கும் நிறைய ஆவியாகி, 19 லிட்டர் வரவேண்டிய இடத்தில் பதினாறரை லிட்டர்தான் மிஞ்சியிருக்கிறது. பாயசம் சுண்டினால் இனிப்பு ஏறுவது மாதிரி, சர்க்கரை அடர்த்தியாகி வலு ஏறிவிட்டது. ஒரு பாட்டிலில் சுமார் 20 கிராம் ஆல்கஹால். இரண்டு பாட்டில் என்று இவர் எண்ணிக்கொண்டிருந்தது, டாக்டரின் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று டிரிங்க்.

கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னங்க?" என்றேன். "ஒன்றுமில்லை. எண்ணிக் குடிக்கிறேன் என்று உன்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேனே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அவரே டாக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். டாக்டர் வாரத்துக்கு இவ்வளவுதான் என்று திட்டமாக ஓர் எல்லை போட்டார். மாத்திரை தொடர்கிறது.

காய்ச்சுவதை நிறுத்தவில்லை. ஆனால் மென்பொருளில் மால்ட்டைக் குறைத்துக் குறைத்துப் பார்த்து, 3.5 சதவீதத்தில் ஒரு குறிப்பை உண்டாக்கினார். அதில் இரண்டு பாட்டில் சேர்த்தாலும் பழைய ஒரு பாட்டிலின் ஆல்கஹாலுக்குச் சற்றுக் குறைவுதான். "லேசான பீர் என்றால் மட்டம்" என்று முதலில் முனகினார். 2013-ல் அமெரிக்க அளவில் அந்த ஆண்டின் சிறந்த வீட்டு பீர்க்காரர் என்ற பட்டத்தை வாங்கியவர் ஆனி ஜான்சன் என்ற பெண்மணி. அவர் பரிசு வாங்கியது லைட் லாகர் என்கிற லேசான பீருக்குத்தான்! இதைச் சொன்னதும் முனகல் நின்றது. தவறை மறைக்க இடமில்லாத லேசான பீரைச் செய்வதுதான் கைத்திறன் என்று இப்போது அவரே வருகிறவர்களிடம் சொல்கிறார்.

ஒவ்வொரு பாட்டிலிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி நான்கு வரி எழுதுகிறோம்: அடைத்த தேதி, அளந்த சதவீதம், ஒரு பாட்டில் எத்தனை டிரிங்க், சேர்த்த பொருள்கள். கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பார்லி, கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. மில்க் ஸ்டௌட் என்ற கறுப்பு பீரில் பால் சர்க்கரை சேர்ப்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாத விருந்தாளிக்கு அது தெரியாமல் போய்விடும்.

பணம் கட்டுவதற்கு முன்

* இலவசக் காலத்தில் ஏற்கெனவே காய்ச்சி அளந்த ஒரு பழைய குறிப்பை ஏற்றி, மென்பொருள் சொல்வதும் நீங்கள் அளந்ததும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.
* ஒத்துப்போகாவிட்டால் உடனே மென்பொருளைக் குறைசொல்ல வேண்டாம். பானை, ஆவி, எஃபிஷியன்ஸி எண்களை உங்கள் வீட்டுக்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.
* ஹைட்ரோமீட்டரைச் சுத்தமான தண்ணீரில் போட்டு, அதில் குறித்திருக்கும் சூட்டில் 1.000 காட்டுகிறதா என்று சோதியுங்கள். கருவி பிசகினால் எந்தக் கணக்கும் பிசகும்.
* லிட்டர், கிராம், செல்சியஸ் மூன்றையும் ஆரம்பத்திலேயே அமைத்துவிடுங்கள்.
* ஒரு குறிப்பையாவது வெளியே எடுத்துச் சேமித்துப் பாருங்கள்.

ஒரு காலத்தில் இங்கிலாந்தில் வீட்டுக்கு வேண்டிய ஏல் காய்ச்சுவது பெண்களின் அன்றாட வேலையாக இருந்தது. ரொட்டி சுடுவது போல அதையும் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். இன்று நாம் பானையைத் தொடாவிட்டாலும், வீட்டில் உள்ளவர்கள் வயிற்றுக்குள் போவது என்ன என்று தெரிந்துவைத்துக்கொள்வது நம் பொறுப்புதான். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுக்கிறவர்கள், தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் இந்தப் பாட்டில்கள் பக்கமே போகவேண்டாம். மற்றவர்களைக் கண்டிக்கவோ கெஞ்சவோ அவசியமில்லை. அடுத்த தடவை பாட்டில் அடைக்கும் நாளில் ஒரு டேப்பையும் பேனாவையும் கொண்டுபோய்ப் பக்கத்தில் வையுங்கள். "எத்தனை சதவீதம் என்று எழுதட்டும்?" என்று மட்டும் கேளுங்கள்.